அஞ்சு மில்லி

அந்த மாத்திரைய வெறும் வயித்துல போடாதீங்க தம்பி. பிஸ்கட் இருந்தா ரெண்டு கடிச்சுக்கிட்டுப் போடுங்க. பஸ்ஸு இன்னும் பேட்டையே தாண்டல, அதுக்குள்ள என்ன அவசரம்?

எப்படித் தெரியும்னு பாக்கீகளா? நானும் மெடிக்கல் லைன்தான். டாக்டர் இல்ல. டாக்டரு மாதிரின்னு வச்சுக்கிடுங்க. கடையத்துக்குக் கெழக்க எங்க ஊரு. குற்றாலிங்கம் மெடிக்கல்ஸ். அந்தக் குற்றாலிங்கம் நாந்தான். இருவத்தெட்டு வருசமா ஒரே கல்லா, ஒரே ஸ்டூலு. தலைவலின்னு வருவான், முகத்தப் பாத்தே குடுத்துருவேன். வாயத் தொறக்க விட மாட்டேன்.

பார்மஸி படிச்சீகளான்னு மட்டும் கேட்டுராதீங்க. இப்ப எல்லாவனும் அதையேதான் கேக்கான். படிச்சது எங்க அக்கா மகன் சிதம்பரம். அவன் சர்ட்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு எங்கடைச் சுவத்துல மாட்டியிருக்கேன். ஆளு ஷார்ஜாவுல சூப்பர் மார்க்கெட்டுல இருக்கான். படிப்பு அவங்கிட்ட, அனுபவம் எங்கிட்ட. ரெண்டும் ஒரே குடும்பத்துக்குள்ள இருக்குல்லா, அது போதாதா?

அந்தக் கடைய மூட வச்சிட்டாங்க தம்பி. பன்னெண்டு நாளு. யாருங்கிறீங்க? ஒரு பீடி சுத்துத பொம்பளை. பேரு முப்புடாதி.

சொல்லுதேன், கேளுங்க. நீங்களே ஞாயம் சொல்லுங்க.

போன ஐப்பசி மழை முடிஞ்ச கையோட ஊரெல்லாம் காச்சல். பெருசுக்கு வந்தா கசாயத்தக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடும். சின்னப் பிள்ளைய விடுமா? காலையில ஷட்டரத் தூக்குததுக்கு முன்னாலயே இடுப்புல பிள்ளையோட நாலு பேரு நிப்பாளுக. பாரசிட்டமால் சிரப்பு இருக்குல்லா, அதான் காச்சலுக்குக் குடுக்குத இனிப்பு மருந்து, அது மூணே நாள்ல காலி. மொத்தக் கடையில கேட்டா, 'சிரப்பு இல்ல அண்ணாச்சி, டிராப்ஸ்தான் இருக்கு, அனுப்பட்டா'ன்னான். அனுப்புடான்னேன். மருந்து ஒண்ணுதான? சிரப்பு பெரிய பாட்டில், டிராப்ஸு சின்ன பாட்டில். அம்புட்டுத்தான் வித்தியாசம்.

எங்கடை சின்னக் கடை. ஒவ்வொரு பாட்டிலையும் அட்டைப்பெட்டியோட அடுக்குனா ரேக்கு கொள்ளாது. அதனால வந்ததும் பெட்டியப் பிச்சுப் போட்டுருவேன். உள்ள ஒரு காயிதம் இருக்கும், எறும்பு எறும்பா எழுத்து, அதையும் தூரப் போட்டுருவேன். கூட ஒரு பிளாஸ்டிக் டிராப்பரு கெடக்கும், பேனாவுக்கு மை ஊத்துத ஃபில்லரு மாதிரி. அதுவும் குப்பைக்குத்தான். அதுக்குப் பதிலா எல்லாருக்கும் அஞ்சு மில்லி மூடி ஒண்ணு குடுத்துருவேன். 'ஒரு மூடி, நாலு மணி நேரத்துக்கு ஒருக்க'. ஜனங்களுக்குப் புரியுத மாதிரி சொல்லணும் தம்பி. அதான் சேவை.

முப்புடாதி வந்தா. அவ மகனுக்கு ரெண்டு வயசு. சின்ன பாட்டிலக் குடுத்து, வழக்கம்போல ஒரு மூடின்னேன். போயிட்டா. அரை மணி நேரம் இருக்கும், திரும்பி வந்து நிக்கா. ஒரு கையில நான் குடுத்த பாட்டிலு, இன்னொரு கையில அவ வீட்டுல கெடந்த பழைய சிரப்பு பாட்டிலு. கடையில நல்ல கூட்டம்.

"அண்ணாச்சி, இது வேற மருந்தா?"ங்கா.

"அதே மருந்துதான்."

"அளவும் அதேதானா?"

"அதேதான். அஞ்சு மில்லி."

"பழைய பாட்டில்ல அஞ்சு மில்லிக்கு நூத்தியிருவத்தஞ்சு மில்லிகிராம்னு போட்டிருக்கு. இதுல ஒரு மில்லிக்கே நூறுன்னு போட்டிருக்கு. அப்ப அஞ்சு மில்லிக்கு ஐநூறுல்லா வருது?"

பாத்துக்கிடுங்க தம்பி. பத்தாங்கிளாஸோட நின்னவ. மடியில தட்ட வச்சு இலை சுருட்டுதவ. இருவத்தெட்டு வருச சர்வீஸக் கணக்குக் கேக்கா. எனக்குக் கோவம் வரல. நான் கோவப்பட மாட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

"ஏட்டி, இது கைப்பிள்ளைகளுக்குன்னே செஞ்ச மருந்து. பாட்டிலு எத்தாத்தண்டி இருக்குன்னு பாரு. சின்னப் பிள்ளைக்குச் சின்ன பாட்டிலு. வீரியத்தக் கம்மியாத்தான் வச்சிருப்பான்."

"கம்மியா இருந்தா நம்பரு ஏன் அண்ணாச்சி கூட இருக்கு?"

"நீ பீடிய எண்ணு. மருந்த நான் எண்ணிக்கிடுதேன்."

கடையே சிரிச்சிட்டு தம்பி. நல்ல சிரிப்பு. அவ மட்டும் சிரிக்கல. "பிள்ளை வாயில ஊத்துததுக்கு முன்னாலதான அண்ணாச்சி எண்ணணும்"னு சொல்லிட்டு, ரெண்டு பாட்டிலையும் மாராப்புல வச்சுக்கிட்டு நேரா நர்ஸு வீட்டுக்குப் போயிட்டா. எங்கூர்ல சுகாதார நர்ஸு ஒண்ணு இருக்கு, சின்னப் பொண்ணு. அது என்ன செஞ்சிருக்கு? பிள்ளையத் தூக்கித் தராசுல போட்டிருக்கு! கத்திரிக்காயா அது? பதினோரு கிலோவாம். இந்த பாட்டில்னா ஒண்ணரை மில்லிக்கு மேல குடுக்கப்படாதுன்னு சொல்லி, அதுகிட்ட இருந்த டிராப்பரு ஒண்ணையும் குடுத்து அனுப்பிருக்கு.

இவ அதோட விட்டாளா? சாயந்தரம் பீடிக்கடையில பொம்பளைக பீடி ஒப்படைக்க வரிசையில நிப்பாளுகல்லா, அங்க போயி ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லியிருக்கா. "குற்றாலிங்கம் கடையில வாங்குன சின்ன பாட்டில்ல அஞ்சு மில்லி ஊத்தாதீங்க. பிள்ளை எடைய நர்ஸுகிட்டப் பாத்துக்கிட்டு ஊத்துங்க." மறுநா காலையில என் கடை வாசல்ல பொம்பளைக் கூட்டம். வாங்க இல்ல. டிராப்பரு கேட்டு! குப்பையில போட்டத எங்க தேடுததுன்னு சொல்லுங்க. நர்ஸும் வந்து, "பெட்டியோட குடுங்க சார், தயவுசெஞ்சு"ன்னுச்சு. நான் கடை தொறந்தப்ப நீ பொறக்கவேயில்ல தாயின்னேன்.

இது ஒரு பக்கம் கெடக்கட்டும். நெஞ்சுல தச்சது வேற.

எனக்கு ஒரே மக. ஆவுடை. அவ அம்மை போயி நாலு வருசமாச்சு. பாளையங்கோட்டையில கட்டிக் குடுத்திருக்கு. மாப்பிள்ளை கோர்ட்டுல டைப்பிஸ்ட்டு, வாயத் தொறக்க மாட்டாரு, நல்ல மனுசன். பேத்திக்குப் பதினாலு மாசம். பேரு ஆத்விகாவோ என்னமோ, எனக்கு வாயில நொழையாது. நான் ராசாத்திம்பேன். அதுக்கும் திரும்பிப் பாக்கும்.

அந்தக் காச்சல் சமயத்துலதான் பத்து நாள் இருந்துட்டுப் போறேன்னு ஆவுடை பிள்ளையோட வந்தா. நாலாம் நாளு விடியும்போது பிள்ளைக்கு மேலு கொதிக்கு. ஆவுடை, "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா"ன்னா. எனக்குச் சிரிப்பு. டாக்டரு என்னத்த எழுதுவான்? நான் விக்கித மருந்தத்தான எழுதுவான்? மெடிக்கல்காரன் பேத்தி டோக்கன் எடுத்து வரிசையில நின்னா ஊரு என்ன சொல்லும்?

கடையில இருந்து சின்ன பாட்டிலக் கொண்டாந்தேன். ஆறு மணிக்கு ஒரு மூடி. அடுத்த அரை மணி நேரத்துல உடம்பு தணிஞ்சு பிள்ளை தூங்கிட்டு. "பாத்தியாளா"ன்னேன். பத்து மணிக்கு ஒரு மூடி. ரெண்டு மணிக்கு ஒரு மூடி. பாட்டிலு காலி. "ஒரு நாள் கூட வரலையேப்பா இந்த பாட்டிலு"ங்கா. மருந்து தீருதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம், அடுத்ததத் தொறன்னேன்.

அப்பதான் ஆவுடை தயங்கித் தயங்கிக் கேட்டா. "அப்பா, தண்ணி புடிக்கப் போன எடத்துல முப்புடாதி அக்கா ஒண்ணு சொன்னாங்க. இந்த பாட்டிலு…"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கத்தல தம்பி. கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். "இந்தக் கடைதான் உனக்குச் சோறு போட்டுது, காலேஜ் படிக்க வச்சுது, கழுத்துல தாலி ஏற வச்சுது. அந்தப் பீடிக்காரி பேச்சக் கேட்டுக்கிட்டு அப்பனையே சந்தேகப்படுதியா?" ஆறு மணிக்கு நானே ஒரு மூடி குடுத்தேன். பிள்ளை காதப் புடிச்சுக்கிட்டு அழுதுது. காது வலின்னு எனக்குத் தெரியாதா? வலிக்கு இன்னொரு சிரப்பு இருக்கு, நல்ல பவரு. அதுலயும் ஒரு மூடி. "ரெண்டும் சேத்துக் குடுக்கலாமாப்பா?" "ஒண்ணு காச்சலுக்கு, ஒண்ணு வலிக்கு. ரெண்டும் வேற வேற சோலி." எவ்வளவு தெளிவா எடுத்துச் சொல்லுதேன் பாத்தீகளா? வேற எந்தக் கடைக்காரன் சொல்லுவான்?

மறுநா காலையில பிள்ளை வாந்தி எடுத்துது. பால் குடிக்கல. கொஞ்சம் சோர்ந்து போயி, கூப்பிட்டா கண்ண மட்டும் தொறந்து தொறந்து மூடுச்சு. பல்லு மொளைக்குத நேரம், அப்பிடித்தான் இருக்கும்னு சொல்லிட்டு நான் கடைக்கு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் நடந்தது நான் பாக்கல. ஆட்டோக்காரன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் தெரு முக்குத் திரும்புனதும் ஆவுடை பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, மூணு பாட்டிலையும் பையில எடுத்துக்கிட்டு, ஒரே ஓட்டமா முப்புடாதி வீட்டுக்கு ஓடியிருக்கா. எங்க? முப்புடாதி வீட்டுக்கு! நான் அங்கன பொம்மை மாதிரி கடையில உக்காந்திருக்கேன். எம் மக என் மருந்தத் தூக்கிக்கிட்டுப் பீடிக்காரிகிட்டப் படிச்சுக் காட்டப் போயிருக்கா.

முப்புடாதி தட்டத் தள்ளி வச்சிட்டு மூணு பாட்டிலையும் படிச்சிருக்கா. படிச்சிட்டு, "ஆவுடை, வலி மருந்துன்னு குடுத்தாருல்லா, அதுக்குள்ளயும் இதே காச்சல் மருந்து பேரு இருக்கு பாரு"ன்னாளாம். எத்தனை மணிக்கு, எத்தனை மூடி, எந்த பாட்டில்லன்னு ஒண்ணொண்ணாக் கேட்டு, பீடிக்கட்டுல ஒட்டுத லேபிளு இருக்குல்லா, அது பின்னால எழுதியிருக்கா. கூட்டிப் பாத்தா ரெண்டாயிரத்துச் சொச்சம் வந்துச்சாம். ஒடனே ஆட்டோவக் கூப்பிட்டு, அவ மகன அடுத்த வீட்டுல விட்டுட்டு, எம் மகளோட பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டா. எங்கடை வழியாத்தான் போயிருக்காளுக. நிறுத்தல.

சேதி கேட்டு நானும் போனேன். சும்மா போவேனா? டாக்டருகிட்ட நம்ம பாஷையில பேசலாம்னு நல்ல சட்டை போட்டுக்கிட்டுத்தான் போனேன். அங்க ஒரு லேடி டாக்டரு. எம் மக வயசுதான் இருக்கும்.

"மருந்து குடுத்தது யாரு?"ன்னுச்சு.

"நாந்தான். நானும் மெடிக்கல் லைன்தான் டாக்டர்."

"பார்மஸிஸ்ட்டா?"

"அதுக்கும் மேல."

அது என்னைய ஒரு மாதிரி பாத்துது. "குழந்தை எத்தனை கிலோ?"

"நல்ல கனமான பிள்ளை."

"எடை பாத்தீங்களா?"

"தூக்கிப் பாத்தேன்."

பக்கத்துல நின்ன நர்ஸு வேற பக்கம் திரும்பிக்கிட்டு. டாக்டரு சிரிக்கல. பிள்ளை ஒம்பது கிலோ. ஒரு வேளைக்கு நூத்தி முப்பத்தஞ்சு மில்லிகிராம்தான் குடுக்கணும், ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல போகக்கூடாது, நீங்க ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நாலு தடவைக்கானத ஊத்தியிருக்கீங்க, போதாததுக்கு அதே மருந்து கலந்த இன்னொண்ணையும் குடுத்திருக்கீங்கன்னுச்சு. ஈரல் கெட்டுரும்னுச்சு. ரத்தம் எடுத்தாங்க. மாத்து மருந்து டிரிப்ஸ்ல ஏத்துனாங்க. அந்த பீடி லேபிள டாக்டரு கேஸ் ஷீட்டோட சேத்துக் குத்தி வச்சுக்கிட்டு முப்புடாதிகிட்டச் சொல்லுது, "இத எழுதிக்கிட்டு வந்ததாலதான் ஒடனே ஆரம்பிக்க முடிஞ்சுது. நல்ல வேளை."

நான் அங்கதான் நிக்கேன் தம்பி. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு நிக்கேன்.

மூணு நாளு. ரெண்டாம் நாளு ஈரல் கணக்கு ஏறிட்டுன்னாங்க. அந்தப் பிஞ்சுக் கையில ஊசி குத்தி, அசையாம இருக்க அட்டை வச்சுக் கட்டியிருந்தாங்க. நான் பயப்படல. எத்தனை கேஸு பாத்தவன். உள்ள காத்து இல்ல, டீ குடிக்கலாம்னு வெளிய வந்து நின்னேன். மூணு நாளும் டீ குடிக்கத்தான் வெளிய நின்னேன். டீ குடிக்கல, அது வேற விசயம். மூணாம் நாளு ரிப்போர்ட்டுல கணக்கு எறங்கிட்டு. பிள்ளை இட்லி கேட்டுதாம். ஆவுடை வந்து எங்கிட்டச் சொல்லல. முப்புடாதிதான் வெளிய வந்து, "அண்ணாச்சி, பிள்ளை பொழைச்சிட்டா. போயி மொகத்தக் கழுவிட்டு ஒரு வாய் சாப்பிடுங்க"ன்னா. எம் மொகத்துக்கு என்ன வந்துச்சாம்? தூசி விழுந்த கண்ணு கலங்காதா?

ஆஸ்பத்திரியில இருந்து ஆவுடை நேரா பாளையங்கோட்டைக்கே போயிட்டா. துணிமணியெல்லாம் எங்க வீட்டுல கெடக்கு. மாப்பிள்ளை வந்து எடுத்துட்டுப் போனாரு. அப்பவும் வாயத் தொறக்கல. அந்த மனுசன் வாயத் தொறக்காதது மொதத் தடவையா எனக்குப் புடிக்கல.

அடுத்த வாரம் ரெண்டு ஆபீசருமாரு கடைக்கு வந்தாக. "பார்மஸிஸ்ட் எங்க?"ன்னாக. சுவத்தக் காட்டுனேன். "சர்ட்டிபிகேட்டு இருக்கு, ஆளு எங்க?"ன்னாக. ஷார்ஜான்னேன். அங்க இருந்துதான் மருந்து குடுக்காரான்னு ஒருத்தரு கேக்காரு. ஆபீசருக்கு நக்கலப் பாருங்க. பன்னெண்டு நாளு கடை சாத்தியிருந்துது. அந்தம்மா எழுதிப் போட்டிருக்கு, டாக்டரம்மா. ஆனா அதுக்கு வேர் யாரு? முப்புடாதி.

இப்பக் கடை தொறந்தாச்சு. பார்மஸி படிச்ச பிள்ளை ஒண்ண வேலைக்குப் போட்டிருக்கேன், சட்டம் அப்பிடிச் சொல்லுது. அதுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. ஒவ்வொரு பாட்டிலையும் படிச்சுப் பாத்துத்தான் குடுக்குது! அஞ்சு நிமிசம் ஆக்குது ஒரு ஆளுக்கு. வேற ஏதும் மருந்து குடுத்தீங்களா, கடைசியா எத்தனை மணிக்குக் குடுத்தீங்கன்னு விசாரணை வேற. நாந்தான் வாசல்ல ஒரு எடை மெஷின் வாங்கிப் போட்டிருக்கேன். பிள்ளை எடை பாக்காம காச்சல் மருந்து கெடையாதுன்னு போர்டும் எழுதி வச்சிருக்கேன். யாரு சொல்லியும் இல்ல. நானா யோசிச்சது. பெட்டியையும் இப்பப் பிக்கிறதில்ல. பெட்டியோட இருந்தாத்தான் கடைக்கு ஒரு களை.

இன்னைக்கு எங்க போயிட்டு வாரேன்னு கேக்கலையே நீங்க. பேத்திக்குக் காதுகுத்து. போன்ல கூப்பிட்டா ஆவுடை, "வாங்கப்பா"ன்னு. அம்புட்டுத்தான், ஒரே வார்த்தை. போனேன். மாமன் மடியில உக்கார வச்சுத்தான காது குத்தணும்? எனக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. அக்கா மகன் ஷார்ஜாவுல. சரி, சொந்தத்துல யாரையாவது சொல்லியிருப்பான்னு போனா, மணையில பட்டு வேட்டியும் துண்டுமா உக்காந்திருக்கான் முப்புடாதி புருசன்! லோடு ஏத்துதவன். அவன் மடியில எம் பேத்தி. முப்புடாதி மாமன் பொண்டாட்டி எடத்துல நின்னு சீர்த்தட்டு எடுத்துக் குடுக்கா. நான் மூணாம் வரிசை பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பாக்கேன், கேசரி தின்னுக்கிட்டு.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அவ ஒரு குறையும் வைக்கல. முப்புடாதிதான் கைய வந்து புடிச்சு, "முன்னால வாங்க அண்ணாச்சி, தாத்தா இல்லாமலா"ன்னு கூட்டிக்கிட்டுப் போனா. அதுவும் ஒரு தெனாவட்டுதான்.

ஆசாரி ரெண்டாவது காதையும் குத்தவும் பிள்ளை வீல்னு கத்துது. மாமன்கிட்ட நிக்கல. அம்மைகிட்டயும் நிக்கல. அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துது. என்னையக் கண்டுச்சு. ரெண்டு கையையும் நீட்டுச்சு தம்பி. என்னைய நோக்கி. நான் ராசாத்தின்னு எந்திரிச்சிட்டேன்.

ஆவுடை பிள்ளைய வாங்கிக்கிட்டு எங்கிட்ட வந்தா. காது வலிக்குமேன்னு நான் ஒரு பாட்டிலு கொண்டு போயிருந்தேன், சட்டைப் பையில. இந்தத் தடவை பெட்டியோட, டிராப்பரோட. ஒம்பதரை கிலோவுக்கு எவ்வளவுன்னு பெட்டி மேல பேனாவால எழுதிக்கூட வச்சிருந்தேன். கடையில நிக்குத அந்தப் பொண்ணுதான் கணக்குப் போட்டுச்சு. நான் சரிபாத்தேன்.

ஆவுடை கைய நீட்டி எம் பையில இருந்து அந்தப் பெட்டிய எடுத்தா. படிச்சா. எடுத்து முப்புடாதி கையில குடுத்தா. அதுக்கப்புறம்தான் பிள்ளைய எங்கிட்டக் குடுத்தா.

கண்ணாடி பாட்டிலு தம்பி. பிள்ளை நெஞ்சுல சாயும்போது குத்திரும்லா. அதுக்காகத்தான் எடுத்திருப்பா.